நாஸ் பெட்டியின் ஃபேன் கத்துகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு குடும்பப் படங்கள், கல்யாண வீடியோ, கணக்கு ஃபைல் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கும் சின்னப் பெட்டிதான் நாஸ். உள்ளே இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க், பின்பக்கம் ஒரு ஃபேன். இரவு பகல் ஓடும். நான் வடசென்னையில், தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். என் பெட்டிக்கு நானே ஃபேன் மாற்றினேன் என்று தெரிந்ததும், ராயபுரம் முதல் எண்ணூர் வரை சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று ஏழெட்டுப் பெட்டிகள் என்னைத் தேடி வந்துவிட்டன. எல்லோரும் கேட்பது ஏறக்குறைய அதே கேள்விகள். எழுதி வைத்தால் எனக்கும் தொண்டை மிச்சம்.

இந்தச் சத்தம் ஃபேனா, ஹார்ட் டிஸ்க்கா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இதை முடிவு செய்யாமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள். ஃபேன் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். டிஸ்க் போனால் குழந்தைக்கு மொட்டையடித்த படத்தை எங்கே போய் வாங்குவது?

ஃபேன் சத்தம் விடாமல் வரும். 'கர்ர்ர்' என்று அரைக்கும், இல்லாவிட்டால் 'ஙொய்ய்' என்று இழுக்கும். பெட்டி சூடானால் அதுவும் கூடும். டிஸ்க் சத்தம் வேலை நடக்கும்போது வரும். பெரிய ஃபைல் காப்பி ஆகும் நேரத்தில் மணலை மிதிப்பதுபோல் 'நறநற'வென்று கேட்டால் அது இயல்பு. 'டக்... டக்... டக்' என்று ஒரே இடைவெளியில் அடித்துக்கொண்டால் இயல்பு இல்லை. இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் ஃபைல்களைக் காப்பி எடுங்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, பலரும் ஏமாறுவது இதில்தான். 'உம்ம்ம்... உம்ம்ம்' என்று அலைபோல ஏறி இறங்கும். நிமிஷத்துக்கு 5,400 சுற்று என்று போட்ட டிஸ்க் நொடிக்கு 90 முறை சுற்றுகிறது, 7,200 சுற்று டிஸ்க் 120 முறை. ஒரே வகை டிஸ்க் இரண்டு அடுத்தடுத்து ஓடும்போது வேகத்தில் துளி வித்தியாசம் இருந்தாலும், இரண்டின் அதிர்வும் ஒரு கணம் சேர்ந்தும் ஒரு கணம் பிரிந்தும் இப்படி அலையடிக்கும். இதற்கு ஃபேன் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. பெட்டியின் காலுக்கடியில் நல்ல ரப்பர் துண்டு வைத்தால் பாதி அடங்கும்.

சந்தேகம் தீரவில்லையா? பெட்டியை முறையாக ஷட் டவுன் செய்து, பவர் வயரைப் பிடுங்குங்கள். டிஸ்க்குகளின் மேல் 1, 2 என்று எழுதி ஒட்டிவிட்டு, அவற்றைக் கொஞ்சம் வெளியே இழுத்து வையுங்கள். இப்போது பவர் கொடுத்தால் ஓடுவது ஃபேன் மட்டும்தான். டிஸ்க் இல்லை என்று விளக்கு எரியலாம், பீப் அடிக்கலாம், பயப்பட வேண்டாம். அப்போதும் அதே சத்தம் வந்தால் ஃபேன்தான். டிஸ்க்கைத் திரும்பத் தள்ளும் முன் பவரை நிறுத்துங்கள், அதே வரிசையில் தள்ளுங்கள்.

மே மாதம் கேட்காத சத்தம் மார்கழியில் மட்டும் கேட்கிறதே?

மே மாதம் சீலிங் ஃபேன் அஞ்சில் ஓடுகிறது. அதன் சத்தத்தில் பக்கத்து வீட்டு மிக்சியே கேட்காது. மார்கழி ராத்திரி சீலிங் ஃபேனை நிறுத்தியதும்தான் ஹாலில் இது முனகுவது தெரியவரும். சத்தம் புதிதாக வந்ததில்லை, எத்தனையோ மாதமாக இருந்திருக்கும்.

ஃபேன் ஏன் கெடுகிறது? நம்ம பக்கத்தில் சீக்கிரம் போகிற மாதிரி இருக்கிறதே?

ஃபேனில் தேய்கிற இடம் ஒன்றுதான்: நடுவில் இருக்கும் பேரிங். விலை குறைந்த ஃபேன்களில் ஸ்லீவ் பேரிங் இருக்கும். ஒரு குழாய்க்குள் தண்டு எண்ணெயில் மிதந்து சுற்றும். எண்ணெய் காய்ந்தால் தண்டு ஆட ஆரம்பிக்கும், 'கர்ர்ர்' வரும். பால் பேரிங்கில் குட்டிக் குண்டுகள் இருக்கும். நாள் நிறைய உழைக்கும், ஆனால் போகும்போது கீச்சென்று ஊரைக் கூட்டும். திரவ பேரிங் என்று விற்பது ஸ்லீவுக்கு அண்ணன் மாதிரி: எண்ணெய் வெளியேறாமல் உள்ளேயே சுழல்கிற மாதிரி வரிகள் வெட்டியிருப்பார்கள்.

கணக்கு இதுதான். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். 30,000 மணி நேரம் என்று அட்டையில் போட்ட ஃபேன், நிறுத்தாமல் ஓடினால் மூன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. 50,000 என்றால் ஐந்தே முக்கால் வருடம். அந்த எண்ணும் பெரும்பாலும் 40 டிகிரி மாதிரி ஒரு சூட்டை வைத்துச் சொல்வது. அதைவிடச் சூடானால் எண்ணெய் முன்னாலேயே காயும். நாலு வருஷத்தில் ஃபேன் கத்துகிறது என்றால் யாரும் உங்களை ஏமாற்றவில்லை, அதன் ஆயுசு அவ்வளவுதான்.

அப்புறம் நம்ம பக்கத்துச் சமாச்சாரம். காசிமேட்டுக்கும் கடலுக்கும் பக்கத்தில் இருக்கிறோம். காற்றில் உப்பு வரும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கனெக்டர் பின்னில் பச்சை பூக்கும். கூடவே தூசி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் ராயபுரம் மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் அது நின்றது, நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. கருப்புத் தூசியும் கூடவே வடக்கே குடிபோனது. எண்ணூரிலிருந்து வந்த ஒரு பெட்டியைத் திறந்தபோது ஃபேன் இறக்கையில் மை பூசின மாதிரி இருந்தது.

வீட்டுக்குள்ளேயும் தூசிக்குக் குறைவில்லை. சாமி விளக்கின் எண்ணெய்ப் புகை, கற்பூரக் கரி, மீன் வறுக்கும்போது எழும் எண்ணெய் ஆவி, கொசுவர்த்தி. இவை தூசியோடு சேர்ந்தால் ஊதினாலும் போகாத பிசின். வியாசர்பாடியில் ஒரு வீட்டுப் பெட்டிக்குள் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகப் படிந்திருந்தது. அது என்ன மர்மம் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பெட்டி இருந்த மேசைக்குக் கீழேதான் பையன்கள் தினமும் கேரம் ஆடுகிறார்கள். போர்டில் தட்டுகிற பவுடர்!

சத்தம்தானே, ஓடுகிற வரை ஓடட்டுமே?

நானும் அப்படித்தான் விட்டேன். ஒரு மார்ச் மாதம் மத்தியானம் கரண்ட் போய் இருபது நிமிஷம் கழித்து வந்தது. பெட்டி தானாக ஆன் ஆனது, டிஸ்க் சுற்றியது, ஃபேன் மட்டும் கிளம்பவில்லை. எண்ணெய் காய்ந்த பேரிங்கின் குணம் அது. ஓடிக்கொண்டிருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை நின்று ஆறிவிட்டால், முதல் உந்தலுக்குத் தண்டு அசையாது.

பெட்டி பீப் பீப் என்று கத்தியிருக்கிறது. வீட்டில் ஆயா மட்டும்தான். இன்வெர்ட்டர்தான் கத்துகிறது என்று நினைத்து அதை ஆஃப் பண்ணிவிட்டுத் தூங்கிவிட்டது. நான் சாயங்காலம் வந்து தொட்டுப் பார்த்தால் பெட்டியில் தோசை வார்க்கலாம். டிஸ்க் 61 டிகிரி காட்டியது. "ஏன் ஆயா, போன் பண்ணக் கூடாதா?" என்றால், "கத்துற சாமான் ஒண்ணா ரெண்டா இந்த வீட்டுல? எதுக்குன்னு போன் பண்றது?" என்றது. நியாயம்தான்.

ஆகவே என் முடிவு: கரண்ட் வந்த பிறகு முதல் இரண்டு நிமிஷம் கத்திவிட்டு அடங்குகிற ஃபேனை இந்த மாதமே மாற்றுங்கள். நாள் முழுக்கக் கத்துகிறதென்றால் இந்த வாரமே.

ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகாதா?

ஆகும், கொஞ்ச நாளைக்கு. ஸ்லீவ் பேரிங் ஃபேனின் நடு ஸ்டிக்கரை உரித்தால் சிலவற்றில் உள்ளே தண்டு தெரியும். தையல் மிஷின் எண்ணெய் ஒரே சொட்டு விட்டு ஸ்டிக்கரை ஒட்டினால் சில வாரமோ சில மாதமோ அமைதி. புது ஃபேன் வரும் வரை தள்ளிப்போட நல்ல வழி. அதற்கு மேல் நம்ப வேண்டாம், தேய்ந்த குழாயை எண்ணெய் நிரப்பாது.

தேங்காய் எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். அது நாள்பட்டால் பிசுபிசுக்கும், டிசம்பர் குளிரில் பாட்டிலில் உறைகிறதே, அதே வேலையைப் பேரிங்கிலும் செய்யும். துரு எடுக்கிற ஸ்ப்ரேயும் வேண்டாம். இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் கரைத்து எடுத்துவிடும்.

தூசி தட்டினாலே சத்தம் குறையுமா?

சில சமயம் குறையும். இறக்கையில் ஒரு பக்கம் மட்டும் தூசி கனத்தால் ஃபேன் ஆடும். பெயிண்ட் பிரஷ் போதும். ப்ளோயர் வைத்து ஊதுவதென்றால் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். ப்ளோயர் காற்றில் ஃபேன் ராட்டினம் மாதிரி சுற்றினால் பேரிங் அடிவாங்கும், மோட்டர் தானே கரண்ட் உண்டாக்கி பெட்டியின் சர்க்யூட் போர்டுக்குள் அனுப்பவும் வழியிருக்கிறது.

கடையில் என்ன அளவு என்று கேட்பது?

பழைய ஃபேனைக் கையில் எடுத்துக்கொண்டு போவதே மேல். அப்படி முடியாவிட்டால் ஃபேனின் வெளிச் சட்டத்தை அளந்து பாருங்கள். இறக்கையை அளக்காதீர்கள், ஸ்க்ரூ ஓட்டைக்கு ஓட்டை அளந்துவிட்டு அதுதான் அளவு என்றும் சொல்லாதீர்கள். ஓட்டைக்கு ஓட்டை 82.5 மில்லிமீட்டர் இருந்தால் அது 92 மில்லிமீட்டர் ஃபேன். 71.5 என்றால் 80, 105 என்றால் 120. வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் 80, 92, 120 இந்த மூன்றில் ஒன்றுதான் வரும்.

தடிமன் பலரும் கேட்க மறப்பது. சாதாரணமாக 25 மில்லிமீட்டர். சில ஒல்லிப் பெட்டிகளில் 15 அல்லது 20 இருக்கும். 25ஐ வாங்கிக்கொண்டு வந்தால் மூடி மூடாது. அப்புறம் வோல்ட்: ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதே உருவத்தில் 5 வோல்ட், 24 வோல்ட் ஃபேனும் கடையில் தொங்கும். ஆம்பியரும் பாருங்கள். பழையது 0.2 என்றால் புதியது அதற்குள் இருக்கட்டும். போர்டு தாங்கும் அளவு அதை வைத்துத்தான் செய்திருப்பார்கள்.

மூன்று பின், நான்கு பின் என்ன வித்தியாசம்?

மூன்று பின் ஃபேனில் ஒன்று கிரவுண்ட், ஒன்று 12 வோல்ட், ஒன்று வேகம் சொல்லும் வயர். ஃபேன் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அந்த வயரில் அனுப்பும், பெட்டி அதை எண்ணித்தான் இத்தனை ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுற்று) என்று காட்டுகிறது. வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பெட்டி வோல்ட்டைக் குறைக்கும்.

நான்கு பின் ஃபேனில் நாலாவது வயர் கட்டளை வயர். 12 வோல்ட் அப்படியே இருக்கும். 'இவ்வளவு வேகத்தில் ஓடு' என்று நாலாவது வயரில் துடிப்பாகச் சொல்வார்கள். பிடபிள்யூஎம் என்று கடையில் சொல்வது இதைத்தான்.

பெட்டி நான்கு பின் என்றால் நான்கு பின் ஃபேனே வாங்குங்கள். மூன்று பின் ஃபேனை அதில் செருகினால் பெரும்பாலும் ஓடும், ஆனால் எப்போதும் முழு வேகத்தில். சத்தத்துக்குப் பயந்து மாற்றப்போய் அதைவிடப் பெரிய சத்தத்தை வீட்டுக்குக் கூட்டிவந்த கதையாகிவிடும்.

வாங்கிய ஃபேனின் கனெக்டர் பெட்டியில் நுழையவே இல்லை. என்ன செய்ய?

இது அடிக்கடி நடக்கும். கம்ப்யூட்டர் ஃபேனுக்கு ஒரு பொதுவான கனெக்டர் உண்டு, அதைவிடச் சின்னதாக, தங்கள் சௌகரியத்துக்கு ஒன்றைப் போட்ட பெட்டிகளும் உண்டு. அழுத்தித் திணிக்காதீர்கள், பின் வளைந்தால் போர்டு வேலை.

வழி இதுதான். பழைய ஃபேனின் வயரைக் கனெக்டரிலிருந்து நாலு விரல் விட்டு வெட்டி, புது ஃபேனின் வயரோடு சேர்த்து சால்டர் வைத்து, ஒவ்வொரு வயருக்கும் தனித்தனியாக ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய்) போடுவது. சால்டர் வராதவர்கள் மொபைல் ரிப்பேர் கடையில் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் முடித்துத் தருவார்கள்.

ஆனால் கவனம்: நிறத்துக்கு நிறம் சேர்க்காதீர்கள். ஒரு ஃபேனில் மஞ்சள் 12 வோல்ட்டாக இருக்கும், இன்னொன்றில் அதே மஞ்சள் வேகம் சொல்லும் வயராக இருக்கும், அதில் 12 வோல்ட் சிவப்பு. பொதுவான நான்கு பின் கனெக்டரில் வரிசை கிரவுண்ட், 12 வோல்ட், வேகம், கட்டளை. புது ஃபேனில் இந்த வரிசையை வைத்து எது எதுவென்று எழுதிக்கொள்ளுங்கள். பெட்டிக்காரர்கள் சில சமயம் வரிசையையே மாற்றியிருப்பார்கள். பழைய ஃபேனின் மாடல் எண்ணைத் தேடி அதன் வயர் விவரத்தைப் பாருங்கள். நிச்சயமாகத் தெரியாமல் இணைக்க வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் நான் குத்துமதிப்பாக எதையும் செய்வதில்லை. 12 வோல்ட் தவறான பின்னுக்குப் போனால் ஃபேன் மட்டும் போகாது.

சத்தமே வராத ஃபேன் எது?

இப்படிக் கேட்பவர்களிடம்தான் நான் அதிகம் சண்டை போடுகிறேன். சத்தம் இல்லாத ஃபேன் என்பது பெரும்பாலும் மெதுவாக ஓடுகிற ஃபேன். மெதுவாக ஓடினால் காற்றும் குறைவு. 2,000 ஆர்பிஎம் ஃபேனை 1,600க்குக் குறைத்தால் சத்தம் சுமார் 5 டெசிபல் இறங்கும், காதுக்கு நன்றாகவே தெரியும். காற்று 20 சதவீதம் குறையும். ஊட்டியில் இருந்தால் அந்த 20 சதவீதத்தை விட்டுக்கொடுக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் வண்ணாரப்பேட்டையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் பெட்டிக்கு ஒரு சதவீதம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது.

இன்னொன்று. நாஸ் பெட்டிக்குள் டிஸ்க்குகள் நெருக்கமாக நிற்கும், இடையில் விரல் நுழைகிற இடைவெளிதான். அந்தச் சந்துக்குள் காற்றை இழுக்க ஃபேனுக்கு அழுத்தம் வேண்டும். அட்டையில் ஸ்டாடிக் பிரஷர் என்று மில்லிமீட்டர் நீர் அளவில் போட்டிருப்பார்கள். வெறும் காற்றளவு பெரிதாகவும் இந்த எண் சின்னதாகவும் இருக்கும் ஃபேன் திறந்த வெளியில் வீரன், சந்துக்குள் கோழை.

என் பெட்டியில் இருப்பது நாக்டுவா என்.எஃப்-ஏ9 பிடபிள்யூஎம். 92 மில்லிமீட்டர், அதிகபட்சம் 2,000 ஆர்பிஎம். ஆஸ்திரியா கம்பெனி, விலை கொஞ்சம் கடிக்கும். அதுதான் வேண்டுமென்று இல்லை. சனான், டெல்டா போன்ற தைவான் கம்பெனிகளின் பால் பேரிங் ஃபேனும் வருடக்கணக்கில் உழைக்கும், கொஞ்சம் கேட்கும். பெட்டி ஹாலில் இருந்தால் பால் பேரிங் போதும். படுக்கிற அறையில் என்றால் திரவ பேரிங்குக்குக் காசு கொடுங்கள்.

எங்கே வாங்குவது?

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு. நம்ம பக்கத்திலிருந்து, விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோவில் ஏறினால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். பைக்கில் போய் பார்க்கிங்குக்கு அலைவதைவிட இது நிம்மதி.

"கூலிங் ஃபேன் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பார்கள். "தொண்ணூத்திரண்டு எம்எம், இருபத்தஞ்சு தடிமன், பன்னெண்டு வோல்ட், நாலு பின், பால் பேரிங்" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். "தெரிஞ்சுதான் வந்திருக்கீங்க பாஸ்" என்று பேச்சே மாறும்.

பழைய மிஷினில் கழற்றியதைத் துடைத்துப் புதிது என்று விற்பதும் உண்டு. எனக்கு ஒருவர் அப்படி ஒன்றைத் தலையில் கட்டினார், இரண்டு மாதம்கூட வரவில்லை. இப்போது பார்த்துத்தான் வாங்குகிறேன். ஸ்க்ரூ ஓட்டையில் மரை ஏறிய தடம் இருந்தால் அது பழசு. இறக்கையின் ஓரத்தில் விரல் வைத்தால் தூசிக்கோடு தட்டுப்படும். நடுப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஒரு மயிரிழை ஆடலாம், 'டொக்' என்று ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாற்றும் வேலை எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் தடவை ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாளே முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே ஃபைல்களை எழுதும் ரெய்டு போட்டிருப்பது காப்பி இல்லை. ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று ஓடும், அவ்வளவுதான். தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். ஃபேன் ஏற்கெனவே நின்றுவிட்டதென்றால் காப்பி எடுக்க அவசரப்படாதீர்கள். காப்பி வேலை டிஸ்க்கை இன்னும் சூடாக்கும். முதலில் அணைத்து ஆறவிடுங்கள், புது ஃபேன் போட்ட பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஷட் டவுன், பவர் வயரைப் பிடுங்குதல், டிஸ்க்கை வரிசை எண் எழுதி வெளியே எடுத்தல். இரும்பு ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கட்டும். பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றினால் சில பெட்டிகளில் மூடி பின்னோக்கி நகரும், சிலவற்றில் இரண்டு பாதியாகப் பிரியும். பிரியவில்லை என்றால் இன்னும் ஒரு ஸ்க்ரூ பாக்கி என்று அர்த்தம். அது பெரும்பாலும் ஸ்டிக்கருக்கடியில் ஒளிந்திருக்கும்.

பழைய ஃபேனைக் கழற்றும் முன் மொபைலில் ஒரு படம் எடுங்கள். அம்புக்குறி எந்தப் பக்கம், வயர் எந்த மூலையில் வருகிறது என்று அதில் தெரிய வேண்டும். கனெக்டரை வயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் தலையைப் பிடித்து எடுங்கள். புது ஃபேனின் ஓட்டையில் மரை இருக்காது, ஸ்க்ரூவே வெட்டிக்கொண்டு போகும், முதல் தடவை கை வலிக்கும். அதற்காக டிரில் எடுத்துவிடாதீர்கள். நாலு ஸ்க்ரூவையும் பாதி பாதி இறக்கிவிட்டுக் கடைசியில் முடுக்குங்கள். ஒரு மூலையை முதலிலேயே இறுக்கினால் சட்டம் முறுக்கிக்கொண்டு இறக்கை உரசும். ஃபேனோடு ரப்பர் ஆணி கொடுத்திருந்தால் அதையே போடுங்கள், அதிர்வு பெட்டிக்கு இறங்காது.

வயர் இறக்கையில் படாமல் ஓரமாக ஒதுக்கிக் கட்டுங்கள். மாற்றிக் கொடுத்த அன்று இரவே "டர்ர்ர்னு சத்தம் வருது மாமா" என்று திருவொற்றியூரிலிருந்து போன் வந்தது. நான் அவசரத்தில் கட்டாமல் விட்ட வயர்தான்.

காற்று எந்தப் பக்கம் போக வேண்டும்?

பின்பக்க ஃபேன் பெரும்பாலும் உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளும். ஃபேன் சட்டத்தின் ஓரத்தில் அம்பு போட்டிருக்கும். அம்பு இல்லாவிட்டால், ஸ்டிக்கர் ஒட்டி நாலு கால் தாங்கியிருக்கும் பக்கம்தான் காற்று வெளிவரும் பக்கம். ஓட்டிப் பார்க்கும்போது முன்பக்கச் சந்தில் ஒரு பேப்பர் துண்டை வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்துபோனால் ஃபேனைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள்.

புது ஃபேன் நன்றாக ஓடுகிறது, ஆனால் ஃபேன் பழுது என்று பெட்டி கத்துகிறது!

பெட்டி எதிர்பார்க்கும் குறைந்தபட்ச வேகத்தைவிடப் புது ஃபேன் மெதுவாக ஓடினால் நின்றுவிட்டதென்று அது முடிவு செய்துவிடும். செட்டிங்கில் ஃபேன் வேகத்தை அமைதி நிலையிலிருந்து குளிர் நிலைக்கு மாற்றிப் பாருங்கள். சில ஃபேன்களோடு வேகம் குறைக்கும் குட்டி வயர் ஒன்று கொடுத்திருப்பார்கள், அதைச் செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அப்படியும் கத்தினால் வேகம் சொல்லும் வயரில் இணைப்பு சரியில்லை. அலாரத்தை அணைத்து வைக்கிற யோசனை வந்தால் எங்கள் ஆயாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் எத்தனை டிகிரி வரை போகலாம்?

கம்பெனிகள் பெரும்பாலும் 60 அல்லது 65 டிகிரியை உச்சமாகப் போடும். அது தாங்கும் எல்லை, இருக்க வேண்டிய இடம் இல்லை. 2007இல் கூகுள் தன்னிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், நடுத்தரச் சூட்டில் பழுதுக்கும் சூட்டுக்கும் நினைத்த அளவு தொடர்பு தெரியவில்லை. மிக அதிகச் சூட்டிலும் வயதான டிஸ்க்குகளிலும்தான் தொடர்பு தெரிந்தது. ஆகவே 38ஐ 36 ஆக்க மெனக்கெட வேண்டாம். அறையில் 34 டிகிரி இருக்கும்போது என் டிஸ்க் 43, 44 காட்டும், நான் கவலைப்படுவதில்லை. 50ஐத் தாண்டினால் எழுந்து போய்ப் பார்ப்பேன். ஃபேன் மாற்றிய மறுநாள் ஒரு பெரிய காப்பி வேலை கொடுத்து, அது முடியும் நேரத்தில் எத்தனை காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும்.

பெட்டியை எங்கே வைப்பது?

கண்ணாடி ஷோகேஸுக்குள் வேண்டாம். பொம்மைக்கும் ஷீல்டுக்கும் நடுவே அழகாக இருக்கும், ஆனால் வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். சாமி அலமாரிக்கு அடுத்தும் வேண்டாம். கடல் பக்க ஜன்னலுக்கு நேராகவும் வேண்டாம். பின்பக்கம் ஒரு சாண் இடம் விடுங்கள். துணியை மடித்து அடியில் வைக்காதீர்கள், அடிச்சந்து அடைபடும்.

தரையில் வைக்கவே வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது. இடுப்புயரத்துக்கு மேலே ஒரு பலகை அடித்து வைப்பதற்கு ஆகும் செலவு பெரிதில்லை.

முன்பக்கம் கொசுவலையை ஃபில்டராக ஒட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஒட்டலாம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவுவீர்களா? மாட்டீர்கள். நானும் மாட்டேன். அடைத்த வலை தூசியைவிட மோசம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்கு டிஸ்க் பெட்டியில் கீச்சுச் சத்தம் பவர் சப்ளையிலிருந்து வருகிறது. அதையும் மாற்றலாமா?

அதை மட்டும் திறக்காதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆளை அடிக்கிற மின்சாரம் நிற்கும். பவர் சப்ளையை முழுதாக மாற்றுங்கள், இல்லை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

வாரண்டி இருக்கும்போது திறக்கலாமா?

வாரண்டி இருந்தால் முதலில் அவர்களையே கேளுங்கள். ஃபேனுக்காக ஏன் சீலை உடைப்பது?

பழைய ஃபேனைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வெட்டி எடுத்த கனெக்டரைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த ஃபேனுக்கு வேண்டும். ஃபேனில் உயிர் இருந்தால் அதற்கும் வேலை உண்டு. கொளத்தூரில் கலர் மீன் வளர்க்கும் என் கூட்டாளி, கோடையில் தொட்டித் தண்ணீர் சூடாகாமல் இருக்க இந்த மாதிரி 12 வோல்ட் ஃபேனைத்தான் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஊதவிடுகிறான். தண்ணீர் ஆவியாகும்போது சூடு இறங்கும். என் பெட்டியில் கத்திய ஃபேன் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெயோடு இப்போது அவனுடைய கப்பி மீன் தொட்டியில்தான் ஓடுகிறது. தொட்டித் தண்ணீர் தினம் ஒரு விரல் குறைகிறது என்பதுதான் அவனுக்கு ஒரே குறை.